அலாய் வீல் டயர்ல காத்து மெல்ல மெல்ல இறங்குதா? அறிகுறிய வச்சே இடத்தக் கண்டுபிடிக்கலாம்

வாரா வாரம் பெட்ரோல் பங்க்ல நின்னு காத்து பிடிக்கிறீங்க, பஞ்சர் கடைல தண்ணித் தொட்டில முக்கிப் பாத்துட்டு "ஒண்ணுமில்ல சார், டயர் நல்லாதான் இருக்கு"ன்னு அனுப்பிடுறாங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல பாத்தா அதே டயர் தான் திரும்பவும் இறங்கி நிக்குது. எனக்கு இது மூணு மாசம் நடந்துச்சு. திருவான்மியூர்ல கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு, ஏழு வருஷ ஹேட்ச்பேக், 15 இன்ச் அலாய், பின்பக்கம் இடது டயர். 33 பிஎஸ்ஐ வச்சா ஏழு நாள்ல 28. ஒரு கடைல டயரையே மாத்தணும்னு சொன்னாங்க, பட்டன், அதாவது ரோட்டத் தொடுற மேல் ரப்பர், பாதிக்கு மேல மிச்சம் இருந்த டயர் அது. கடைசில பாத்தா டயர்ல ஒரு குறையும் இல்ல, காத்து போனது ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல. அதனால நான் சொல்றது ஒண்ணுதான், காத்து எந்த இடத்துல வெளிய வருதுன்னு கண்ணால பாக்காம டயர், வால்வு, வீல் எதையும் மாத்தாதீங்க.

முதல்ல அளவு, அப்புறம் தான் மத்ததெல்லாம்

காத்து அளக்குற கேஜ் ஒண்ணு சொந்தமா வாங்கிக்குங்க. பங்க்ல இருக்குற மீட்டர் ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொண்ணு காட்டும், ரெண்டு மூணு பிஎஸ்ஐ வித்தியாசம் சாதாரணம், அத வச்சு மெதுவான லீக்க கணக்கு போடவே முடியாது. கேஜ் கொஞ்சம் தப்பா காட்டினாக்கூட பரவால்ல, எப்பவும் ஒரே கேஜா இருக்கணும். காலைல, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, வெயில் படுறதுக்கு முன்னாடி, நாலு டயரும் ஸ்டெப்னியும் அளந்து தேதியோட எழுதி வைங்க. எத்தன பிஎஸ்ஐ வைக்கணும்ங்கறது டிரைவர் கதவத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் பக்கவாட்டுல 44, 51னு அச்சடிச்சிருக்குறது அந்த டயர் தாங்குற அதிகபட்சம், அத வைக்கக்கூடாது.

ஏன் காலைலன்னு சொல்றேன்னா, சூடு 10 டிகிரி ஏறினாலோ இறங்கினாலோ கிட்டத்தட்ட ஒண்ணரை ரெண்டு பிஎஸ்ஐ மாறும். வண்டி ஓடினா டயர் சூடாகி 3, 4 பிஎஸ்ஐ ஏறிடும். மதியம் ஓஎம்ஆர்ல ஓட்டிட்டு வந்து பங்க்ல நிக்கிறீங்க, 37 காட்டுது, அதிகமா இருக்கேன்னு பையன் காத்த இறக்கி 33 ஆக்கிடுறான், மறுநாள் காலைல நீங்க அளந்தா 29. லீக்கே இல்லாம லீக்னு அலையுற நிறைய பேருக்கு நடக்குறது இதுதான்.

ஒரு வாரம் எழுதினதுக்கு அப்புறம் சந்தேகப்படுற டயர மட்டும் பாக்காதீங்க, மத்த மூணோட ஒப்பிட்டுப் பாருங்க. மத்ததெல்லாம் 1 குறைஞ்சிருக்கு, இது மட்டும் 5 குறைஞ்சிருக்குன்னா உங்க லீக் 4. இந்த நம்பர் கைல இருந்தா கீழ எந்த அறிகுறி உங்களோடதுன்னு தானா தெரியும்.

நாலு டயர்லயும் ஒரே அளவுல குறையுது

இது லீக் இல்ல. ரப்பர் வழியாவே காத்து கசியும், மாசத்துக்கு 1, 2 பிஎஸ்ஐ குறையறது எல்லா டயருக்கும் உள்ளது. மே மாசம் காத்து பிடிச்சு டிசம்பர் காலைல அளந்தா குளிரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் குறைச்சுக் காட்டும். நைட்ரஜன் போட்டா சரியாகும்னு சொல்லுவாங்க, நாம சும்மா அடிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான், ஓட்டை இருக்குற டயர்ல அதுவும் அதே வழியாத்தான் போகும்.

ஒரே டயர், ஒண்ணு ரெண்டு நாள்ல பாதி காத்து போயிடுது

ஆணி தான், முக்கால்வாசி. வண்டிய ஒரு அடி ஒரு அடியா நகத்தி டயர் முழுக்க சுத்திப் பாருங்க, பட்டனுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல ஸ்க்ரூவோட தலை மட்டும் பளபளன்னு தேஞ்சு தெரியும். கண்டவுடனே பிடுங்காதீங்க, அந்த ஆணிதான் ஓட்டைய அடைச்சுக்கிட்டு இருக்கு, பிடுங்கினா டயர் அங்கயே உக்காந்துடும். சாக்பீஸ்ல வட்டம் போட்டுட்டு காத்து நிரப்பி கடைக்குப் போங்க.

நடுப்பகுதில ஓட்டைன்னா, அதுவும் 6 மில்லிமீட்டருக்குள்ளன்னா ஒட்டலாம். வெளிலருந்து குத்தி வைக்கிற ஸ்ட்ரிப் அவசரத்துக்கு சரி, ஆனா நெடுந்தூரம் ஓடுற வண்டிக்கு டயரக் கழட்டி உள்பக்கமா மஷ்ரூம் பேட்ச் போடுறது தான் நல்லது, ஏன்னா கழட்டினா தான் உள்ள என்ன ஆகியிருக்குன்னு தெரியும். காத்து கம்மியா இருக்கும்போது ஓட்டியிருந்தா பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கி உள்ள ரப்பர் தேஞ்சு கருப்பா பொடி கொட்டும், அந்தப் பொடியப் பாத்தா அந்த டயர ஒட்டவே ஒட்டாதீங்க, தூக்கிப் போடுங்க. பக்கவாட்டுலயோ, பட்டனும் பக்கவாட்டும் சேர்ற தோள்பட்டை ஓரத்துலயோ ஓட்டைன்னாலும் அதே முடிவு தான்.

ஏற்கனவே பஞ்சர் ஒட்டின டயரா? அந்தப் பழைய ஸ்ட்ரிப் மேல முதல்ல சோப்புத் தண்ணி விடுங்க. ரெண்டு வருஷம் ஓடின ஸ்ட்ரிப் சுருங்கி ஓரமா காத்து விடுறது சகஜம்.

ஒரே டயர், வாரத்துக்கு 3லருந்து 6 பிஎஸ்ஐ, ஆணி எதுவும் இல்ல

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறோம். அலாய் வீல்ல, அதுவும் அஞ்சாறு வருஷம் ஆன வீல்ல, இந்த அறிகுறிக்கு ரெண்டே இடம் தான் முக்கியமா சந்தேகப்படணும், ஒண்ணு வால்வு, இன்னொண்ணு பீட், அதாவது டயரோட உள்வட்ட விளிம்பு ரிம்ல உக்கார்ற இடம். சுலபமானதுலருந்து ஆரம்பிங்க.

வால்வு மூடியக் கழட்டுங்க, வாயில ஒரு சொட்டு சோப்புத் தண்ணி வைங்க. பழைய மெக்கானிக்குங்க எச்சில் தொட்டு வைப்பாங்க, அதுவும் நல்லா வேலை செய்யும். அந்த சொட்டு மெதுவா உப்பி முட்டையா வந்து உடைஞ்சு மறுபடியும் உப்புச்சுன்னா உள்ள இருக்குற வால்வு பின் லீக். பின் கழட்டுற குட்டி டூல் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல சல்லிசா கிடைக்கும், லேசா கால் சுத்து இறுக்கிப் பாருங்க, நிக்கலன்னா புது பின் போடுங்க, சில ரூபா தான். பின்னக் கழட்டினா டயர் முழுசும் காத்து இறங்கிடும், பக்கத்துல காத்து அடிக்கிற இன்ஃப்ளேட்டர் இருந்தா மட்டும் வீட்ல செய்யுங்க. மூடிய சும்மா நினைக்காதீங்க, அது இல்லன்னா மணல் உள்ள போய் பின்னக் கெடுக்கும். அதே சமயம் பளபளன்னு இருக்குற மெட்டல் மூடி வேண்டாம், டிபிஎம்எஸ் சென்சார் (டயர்ல காத்து குறைஞ்சா எச்சரிக்கிறது) இருக்குற நிறைய வண்டில வால்வு அலுமினியம், ரெண்டு உலோகமும் உப்புக் காத்துல ஒட்டிப் பிடிச்சுக்கும், அப்புறம் மூடியக் கழட்டப் போய் வால்வே முறிஞ்சிடும். பிளாஸ்டிக் மூடி போதும்.

பின் நல்லா இருந்தா வால்வோட அடிப்பகுதி. ரப்பர் வால்வ விரலால நாலு பக்கமும் சாச்சுப் பாருங்க, அடில சின்னச் சின்னதா வெடிப்பு தெரியுதா? வெயில்ல நிக்கிற வண்டிக்கு ரப்பர் காஞ்சு வெடிக்கும். நேரா நிக்கும்போது நுரை வராது, சாச்சா மட்டும் வரும், அதனால சாச்சுப் பிடிச்சுக்கிட்டே சோப்புத் தண்ணி விடுங்க. டயர் மாத்தும்போதெல்லாம் இந்த வால்வையும் மாத்தணும், கடைக்காரங்க கேக்காம மாத்த மாட்டாங்க, நீங்க தான் சொல்லணும். மெட்டல் வால்வுன்னா அடில ரப்பர் வாஷர் இருக்கும், நட்ட கண்ணை மூடிக்கிட்டு இறுக்காதீங்க, அந்த வாஷர் செட்ட மாத்தச் சொல்லுங்க.

வால்வுல ஒண்ணும் இல்லன்னா பீட். இத கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா கடைல கோட்டை விடுறது இங்கதான்.

டியூப்லெஸ் டயர்ல காத்த அடைச்சு வைக்கிறது ரப்பர் விளிம்பு ரிம்ம அழுத்திப் பிடிக்கிற அந்த விரல் அகல வட்டம் மட்டும் தான். அலாய் ரிம்ல அந்த இடத்துலயும் பெயிண்ட்டும், அதுக்கு மேல லாக்கர்ங்கற பளபளப்புப் பூச்சும் பூசியிருக்கும். டயர் மாத்தும்போது லிவர் உரசியோ, பேலன்சிங் வெயிட்ட ஓரத்துல அடிச்சு மாட்டியோ, கல் பட்டோ ஒரு இடத்துல பூச்சு பெயர்ந்தா போதும், மழைத்தண்ணியும் உப்புக் காத்தும் பூச்சுக்கு அடில நுழைஞ்சிடும். அலுமினியம் அரிச்சா வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி பொடி ஆகும், பொடி ஆனா உப்பும், உப்பினா பூச்சத் தூக்கிவிடும். அந்த மேடு பள்ளத்து மேல ரப்பர் எப்படி உக்காந்தாலும் முடி அளவுக்கு வழி இருக்கும். ஈசிஆர், தூத்துக்குடி, நாகை, பாண்டி மாதிரி கடலோரத்துல வண்டி வச்சிருக்கறவங்க இத முதல் சந்தேகமா வச்சுக்கலாம்.

தண்ணித் தொட்டில ஏன் தெரியலன்னா, இந்த லீக்குக்கு குமிழி கடுகு அளவுக்கு இருக்கும், பத்து செகண்டுக்கு ஒண்ணு வரும், கடைல கூட்டம் நிக்கும்போது ஒரு சுத்து சுத்திட்டு தூக்கிடுவாங்க. வீட்ல பொறுமையா பண்ணலாம். ஸ்டெப்னி மாட்டிட்டு சந்தேக வீலக் கழட்டிக்குங்க (வண்டி சமதரையில, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர் வீலுக்கு செங்கல் வச்சு, ஜாக்கில நிக்கிற வண்டிக்கு அடில கைகாலக் கொண்டு போகாம). காத்து 40 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்துங்க, ஆனா பக்கவாட்டுல போட்டிருக்குற அதிகபட்சத்தத் தாண்டக்கூடாது, காத்து ஏறினா லீக்கும் வேகமா தெரியும். ஒரு கப் தண்ணில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு ஸ்பூன் விட்டு நுரை வராம மெதுவா கலக்குங்க. வீலப் படுக்கப் போடுங்க, ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல இருக்குற வாய்க்கால்ல அந்தத் தண்ணிய சுத்திவர ஊத்துங்க, ஊத்தும்போது வந்த குமிழிய விரலால துடைச்சுட்டு பத்து நிமிஷம் தொடாம விடுங்க. அப்புறம் புரட்டிப் போட்டு உள்பக்கம். உள்பக்கத்த கட்டாயம் பாக்கணும், சேறு தங்குறது அங்க, அடி வாங்குறதும் அங்கதான் அதிகம்.

நான் மொட்டை மாடில கோணிச் சாக்கு விரிச்சு பண்ணினேன். வெளிப்பக்கம் ஒண்ணுமே இல்ல. உள்பக்கம் புரட்டி ஊத்தி, நாலு நிமிஷம் வரைக்கும் ஒண்ணும் தெரியல, தண்ணி கண்ணாடி மாதிரி நின்னுச்சு. அப்புறம் வால்வுக்கு நேர் எதிர்ல, நாலு விரக்கடை நீளத்துக்கு, பால் காயும்போது பாத்திர ஓரத்துல மொதல்ல கட்டுற நுரை இருக்கும் பாருங்க, அப்படி பொடி வெள்ளையா ஒரு கோடு எழும்ப ஆரம்பிச்சது. தனித்தனி குமிழின்னு சொல்லவே முடியாது, அவ்வளவு பொடி. பத்தாவது நிமிஷம் அது கட்டை விரல் உயரத்துக்கு நின்னுச்சு. மூணு மாசமா ரெண்டு கடைல தெரியாத லீக் அதுதான்.

இடம் தெரிஞ்சதும் ரிம்லயும் டயர்லயும் சேர்த்து சாக்பீஸ்ல கோடு போடுங்க. கடைல போய் "பஞ்சர் பாருங்க"ன்னு சொல்லாதீங்க, "பீட் கழட்டி ரிம் சுத்தம் பண்ணி மாட்டணும்"னு சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க. வெள்ளைப் பொடி, பெயர்ந்த லாக்கர், பழைய ரப்பர் கறை எல்லாத்தையும் உப்புத்தாளாலயோ ஸ்கிரப் பேடாலயோ வழவழன்னு ஆகுற வரைக்கும் தேய்க்கணும், விரல வச்சுத் தடவினா எங்கயும் தட்டக்கூடாது. கிரைண்டர எடுத்தா நிறுத்துங்க, அலுமினியம் மிருதுவானது, ஒரு இடத்துல கூடுதலா சாப்பிட்டுட்டா அதுவே புது லீக். டயர் விளிம்பையும் ஈரத்துணியால துடைக்கச் சொல்லுங்க. தேச்சப்புறமும் பள்ளம் பள்ளமா இருந்தா மட்டும் பீட் சீலர்னு கருப்பா ஒரு பசை, மெல்லிசா பூசி கொஞ்சம் காய விட்டு மாட்டணும். சுத்தம் பண்ணாம பொடி மேலயே சீலர் அப்பினா நாலு மாசத்துல திரும்ப வருவீங்க. மாட்டும்போது சோப்புத் தண்ணியோ டயர் பேஸ்ட்டோ போதும், கிரீஸ் வேண்டாம். காத்து ஏத்தும்போது டப், டப்னு ரெண்டு சத்தம் வந்து ரெண்டு விளிம்பும் உக்காரும், 40 பிஎஸ்ஐ தாண்டியும் உக்காரலன்னா காத்த இறக்கிட்டு மறுபடியும் சோப்பு போட்டு மாட்டணும், இன்னும் ஏத்தக்கூடாது, விளிம்பு அறுந்து ஆளக் காயப்படுத்தும். கடைசில பேலன்சிங், ஓரத்துல அடிக்கிற வெயிட் வேண்டாம், உள்ள ஒட்டுற வெயிட் கேளுங்க.

பள்ளத்துல விழுந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சது

மழை நேரத்துல தண்ணிக்கு அடில இருந்த பள்ளம், தடால்னு ஒரு சத்தம், அதுக்கப்புறம் காத்து குறையுது, 80ல போனா ஸ்டியரிங் அதிருதுன்னா ரிம் வளைஞ்சிருக்கும், இல்ல வெடிச்சிருக்கும். வீலத் தூக்கி கையால சுத்துங்க, ரிம் ஓரத்துக்குக் கிட்ட ஒரு குச்சிய அசையாம பிடிங்க, இடைவெளி ஒரு இடத்துல கூடி குறைஞ்சா வளைவு. வெளி ஓரம் நேரா இருந்தாலும் உள் ஓரத்தப் பாக்காம விடாதீங்க.

லேசான வளைவ ரிம் பெண்ட் எடுக்குற கடைல சரி பண்ணலாம். வெடிப்பு அப்படி இல்ல. வீலோட உள்பக்க உருளைல சோப்புத் தண்ணி அடிச்சா முடி மாதிரி ஒரு கோடு நெடுக நுரை வரும், அந்த வீல வெல்டிங் பண்ணித் தரேன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. வேண்டாங்க. அலாய் வீல் வார்ப்புல செஞ்சு சூட்டுப் பதம் போட்டு பலம் ஏத்துறது, வெல்டிங் சூட்டுல அந்தப் பதம் சுத்திவர இறங்கிடும், குடும்பத்தோட நூறுல போற வண்டில அது இருக்கக்கூடாது. புது வீல் வாங்குங்க. அதே அடில டயரோட பக்கவாட்டுல முட்டை மாதிரி புடைச்சிருந்தா உள்ள நூல் அறுந்திருக்கு, காத்து இறங்கலன்னாலும் அந்த டயர் ஓட்டக்கூடாது.

நிறுத்தி வச்சா குறையல, ஹைவே போயிட்டு வந்தா குறையுது

வால்வு அடி வெடிப்பு, இல்லன்னா ரிம் வெடிப்பு. வேகத்துல சுத்தும்போது ரப்பர் வால்வு வெளிப்பக்கமா இழுபட்டு சாயும், வெடிப்பு வாய் திறக்கும், நின்னா மூடிக்கும். ரிம் வெடிப்பும் வண்டி எடை விழும்போது தான் திறக்கும், கழட்டிப் படுக்கப் போட்ட வீல்ல தெரியாமப் போகலாம். இந்த அறிகுறி இருந்தா ரப்பர் வால்வ யோசிக்காம மாத்திடுங்க, அப்புறமும் தொடர்ந்தா உள்பக்கத்த நல்ல வெளிச்சத்துல விரல் நகத்தால தடவிப் பாருங்க.

புது டயர் போட்ட பிறகு தான் லீக்

பழைய ரப்பர் கறையத் துடைக்காம மாட்டியிருப்பாங்க, மிஷின்ல விளிம்பு கிழிஞ்சிருக்கும், இல்ல பழைய வால்வையே விட்டிருப்பாங்க. அளவு எழுதின தாளோட அதே வாரத்துல போய் நில்லுங்க, மாசம் கழிச்சுப் போனா ஒத்துக்க மாட்டாங்க.

எல்லாம் பாத்தாச்சு, எங்கயும் நுரை இல்ல

முதல்ல லீக் நிஜமான்னு உறுதி பண்ணுங்க. வீலக் கழட்டி நிழல்ல ஒரு மூலைல வச்சு மூணு நாள் கழிச்சு காலைல அளங்க. ஒவ்வொரு தடவ கேஜ் வைக்கும்போதும் கொஞ்சம் காத்து போகும்ங்கறதையும் கணக்குல வைங்க, தினமும் மூணு தடவ அளந்து அதையே லீக்னு நினைச்சவங்களும் உண்டு. நிஜமாவே குறைஞ்சா கடைசி சந்தேகம் வார்ப்புல இருக்குற ஊசித்துளை, அதாவது வெடிப்பு எதுவும் இல்லாம உலோகத்து வழியாவே கசியறது. உருளை முழுக்க, ஸ்போக் சேர்ற இடம் வரைக்கும், சோப்புத் தண்ணி அடிச்சு பதினஞ்சு நிமிஷம் காத்திருந்தா ஒரே புள்ளில குட்டி நுரை நிக்கும். உள்பக்கமா சீல் பண்ணிப் பாக்கலாம், பெருசா இருந்தா வீல் மாத்தணும். இது அபூர்வம், மேல சொன்னதெல்லாம் பாத்துட்டு தான் இங்க வரணும்.

டயருக்குள்ள ஊத்துற சீலன்ட் லிக்விட் பத்தி எல்லாரும் கேப்பாங்க. வண்டி ஓடும்போது அது பட்டன் பக்கமாத் தான் தள்ளப்படும், அதனால சின்ன ஆணி ஓட்டைய அடைக்கும், பீட் லீக்குக்கும் வால்வு லீக்குக்கும் அது போய்ச் சேராது. வால்வு வழியா ஊத்தும்போது அங்கயே படிஞ்சு வால்வு பின்ன அடைச்சுக்கும், சென்சார் மேல படியும், பேலன்ஸ் கெடும், அடுத்த தடவ டயரக் கழட்டும்போது ரிம் முழுக்க கொழகொழன்னு இருக்கும். நடுராத்திரி ரோட்டுல நின்னா ஊத்திக்கலாம், மத்தபடி வேண்டாம்.

டிபிஎம்எஸ் லைட் எரியலயேன்னு தைரியமா இருக்காதீங்க, நிறைய வண்டில கால்வாசி காத்து குறைஞ்சப்புறம் தான் எரியும், 33 வைக்கிற டயர் 25க்கு வந்திருக்கும். 20க்குக் கீழ போயிருந்தா பங்க் வரைக்கும் கூட உருட்டாதீங்க, இன்ஃப்ளேட்டர் இருந்தா நின்ன இடத்துலயே ஏத்துங்க, இல்ல ஸ்டெப்னி மாத்துங்க.

வேலை முடிஞ்சு வீல் மாட்டினதும் நட்டுகள குறுக்கும் நெடுக்குமா இறுக்கி, 50லருந்து 100 கிலோமீட்டர் ஓடினப்புறம் இன்னொரு தடவ பாத்துடுங்க, அலாய்ல இது அவசியம். மறுநாள், மூணாம் நாள், ஏழாம் நாள் காலைல அளந்து எழுதுங்க.

எனக்கு சனிக்கிழமை 33 வச்சது அடுத்த சனிக்கிழமையும் 33, ஒரு மாசம் கழிச்சு 32, மத்த மூணும் அதே 32. அடுத்த டயர் ரொட்டேஷன்ல, அதாவது டயர்கள இடம் மாத்தி மாட்டும்போது, மத்த வீல்களோட பீட்டையும் கழட்டச் சொல்லிப் பாத்தேன், ரெண்டுல உள்பக்கம் அந்த வெள்ளைப் பொடி ஆரம்பிச்சிருந்துச்சு, லீக் வர்றதுக்கு முன்னாடியே தேச்சு சுத்தம் பண்ணி நாலு வால்வையும் புதுசா மாத்திட்டோம்.